சிக்னலில் அணையும் எஞ்சின்

ஸ்டார்ட் ஆகிவிட்டது என்றான் விற்பவன்.
நான் நம்பவில்லை.
மறுபடி பொத்தானை அழுத்தினேன், அணைந்துபோனது.
தங்கப் பல் தெரியச் சிரித்தான்:
“முதல் தடவை எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள் அக்கா.”

உலான்பாதாரின் கார்ச் சந்தை.
மிதிபட்டுக் கறுத்த பனியில்
வரிசை வரிசையாக வெள்ளை ப்ரியஸ்கள்,
ஜப்பானில் யாரோ பத்து வருஷம் ஓட்டிவிட்டு
கப்பலேற்றி அனுப்பியவை.
வலப்பக்கம் ஸ்டியரிங்.
எங்கள் ஊர்ச் சாலைக்கு அது தப்பான பக்கம்,
பாதி ஊர் அந்தத் தப்பான பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

பதினோரு வருஷம் நான் ஓட்டியது
சுரங்கக் கம்பெனியின் லேண்ட் குரூசர்.
நாலரை லிட்டர், எட்டு சிலிண்டர்.
சாவியைத் திருகினால்
காதுக்கு முன் விலா எலும்புக்குத் தெரியும்.
கோபியில் பாதை என்பது
முன்னால் போனவன் விட்டுப்போன புழுதி.
அவனை முந்த
பெருவிரலைக் கொஞ்சம் மடக்கினால் போதும்.
எஞ்சினியர்கள் பின்சீட்டில் வாய் பிளந்து தூங்குவார்கள்,
நானும் வேகமும் மட்டும் விழித்திருப்போம்.
பொய் சொல்வானேன், பிடித்திருந்தது.
டீசல் போடும் பையன்கள்
வண்டியைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள்,
மறுபடி வண்டியைப் பார்ப்பார்கள்.
பில்லில் கையெழுத்து மட்டும்தான் என்னுடையது.

ஒப்பந்தம் முடிந்த அன்று
சாவியைப் பழுப்பு உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன்.
அதன் பிறகு ஒரு மாதம்
பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கையில்
வலது கால் எதையோ மிதித்துக்கொண்டே வந்தது.

“பழைய லேண்ட் குரூசர் ஒன்று வருகிறது, அதை வாங்கு,” என்றான்
என் கணவன் முங்க்ஜர்கால்.
போய்ப் பார்த்தோம். உட்கார்ந்தேன். உறுமியது.
கண்ணில் நீர் முட்டியது உண்மை.
நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து லிட்டர் என்றபோது
அது தானாகக் காய்ந்ததும் உண்மை.

மெக்கானிக் சுவ்தா போனைச் செருகி
ப்ரியஸின் பேட்டரியைப் பார்த்தாள்.
பதினான்கு பட்டைகள்.
“ஒன்பதாவது கொஞ்சம் சோம்பேறி,” என்றாள்.
அந்தச் சோம்பேறியைக் காட்டியே
எட்டு லட்சம் துக்ரிக் குறைத்தோம்.

ஸைசான் ஏற்றத்தில் அடிவரை மிதித்தேன்.
சத்தம் வந்தது.
வேகம் பின்னாலேயே எங்கோ நின்றுவிட்டது.
பஸ் ஒன்று ஹாரன் அடித்து ஒதுங்கச் சொன்னது.
என்னை. பஸ்.
சுவ்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்,
நல்லவள்.

இறக்கத்தில், சிக்னலில், எஞ்சின் தானாக அணைந்தது.
அப்போதுதான் கேட்டேன்:
சுவ்தா உலர்ந்த தயிர்க்கட்டியைக் கடிக்கிற சத்தம்,
கூரையில் பனித்துகள் உரசுகிற சத்தம்,
மூக்கடைத்த என் மூச்சு.
பக்கத்தில் கறுப்பு லேண்ட் குரூசர் ஒன்று
நின்ற இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருந்தது.
அதன் டிரைவர் என்னைப் பார்க்கவில்லை.
அந்த உயரத்திலிருந்து இந்த வண்டிகள் கண்ணில் படுவதில்லை,
பதினோரு வருஷம் எனக்கும் பட்டதில்லை.
பச்சை விழுந்தது. அவர் பாய்ந்தார்.
அடுத்த சிக்னலில்
மறுபடி பக்கத்தில் நின்றார்.

டேஷ்போர்டுக்குள் நீகாத்தா ஊர்ச் சலவைக் கடையின் ரசீது,
ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை.
எடுத்துப் போட மனம் வரவில்லை, இன்னும் இருக்கிறது.

ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும்
ஜப்பானியப் பெண் ஒருத்தி மரியாதையாக ஏதோ சொல்கிறாள்.
சுங்கச்சாவடி அட்டையைச் செருகவில்லையாம்.
இந்த நாட்டில் அப்படியோர் அட்டையே கிடையாது.
அவள் வாயை அடைக்க யாருக்கும் தெரியவும் இல்லை.
குளிர்காலக் காலையில் ஊர் முழுக்க
ஆயிரக்கணக்கான கார்களில் அவள் நினைவூட்டுகிறாள்.

இன்று மைனஸ் முப்பத்தாறு.
பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை.
விரல் மறுபடி போனது,
பாதியில் நின்றது.
அட்டை செருகப்படவில்லை என்றாள்.
ஆமாம் என்றேன்.
கிளம்பினோம்.